நடுவில் எத்தனை வோல்ட்?

"வேலையில வரவே வராத தியரியை இன்டர்வியூல ஏன் சார் கேட்கறீங்க?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கொதித்திருந்தார். பதில் நீண்டுவிட்டது, அதனால் இங்கேயே போடுகிறேன்.

ஹார்டுவேர் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது. 10 வோல்ட் சப்ளை, தொடராக இரண்டு 10 கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர். நடுவில் எத்தனை வோல்ட்? 5 என்று பட்டென்று வரும். சரி, அந்த 5 வோல்ட்டில் 1 கே லோடு ஒன்றை, அதாவது கரண்ட் இழுக்கிற ஏதோ ஒன்றை, சேர்த்தால்? பாதிப்பேர் மறுபடியும் 5 என்பார்கள். கீழே இருக்கும் 10 கே-க்குப் பக்கத்தில் இணையாக 1 கே வந்ததும் இரண்டும் சேர்ந்து சுமார் 909 ஓம்தான். நடுவில் மிஞ்சுவது 0.83 வோல்ட். பிளஸ் டூ கணக்கு!

வேலையில் வருமா என்றால், தினமும் வருகிறது. பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாதென்று 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு, நடுவில் வரும் வோல்டேஜை ஏடிசிக்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சர்க்யூட்) கொடுப்பார்கள். அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வழியாக, ஏடிசிக்குள் இருக்கும் குட்டிக் கெபாசிட்டருக்கு சார்ஜ் ஏற நேரம் போதாது. ரீடிங் குறைவாகக் காட்டும். அதற்கு இரண்டு நாள் புரோகிராமைக் குடைந்துகொண்டிருப்போம். (குடைந்தவன் நான்தான்.)

என் முதல் இன்டர்வியூ கிண்டியில். "கெபாசிட்டர் டிசியைத் தடுக்கும், ஏசியை விடும்" என்று இரண்டு மார்க் பதிலை ஒப்பித்தேன். "ஸ்விட்ச் போட்ட அந்த நொடியில?" என்றார் எதிரில் இருந்தவர். முழித்தேன். 1 கே ரெசிஸ்டர் வழியாக 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால் 1 நொடியில் 63 சதவீதம் ஏறும், 5 நொடியில் ஏறக்குறைய நிரம்பிவிடும், அதுவரை டிசியும் ஓடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஃபார்முலா தலையில் ஒரு மூலையில், டெஃபனிஷன் இன்னொரு மூலையில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

கேட்கிற பக்கமும் யோக்கியமில்லை. சார்ஜ் ஏறிய கெபாசிட்டரை அதே அளவு காலிக் கெபாசிட்டரோடு இணைத்தால் பாதி எனர்ஜி எங்கே போகிறது என்று ஃப்ரெஷரை மடக்கி மகிழ்கிற சீனியர்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் பேச அருமையான விஷயம். இருபது நிமிஷ இன்டர்வியூவில் அது வெறும் சீன். அப்படி யாராவது கேட்டால், "ஒயருக்கு ரெசிஸ்டன்ஸே இல்லைன்னு எடுத்துக்கணுமா சார்?" என்று திருப்பிக் கேளுங்கள், தம்பி. பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

போன வருஷம் டிப்ளமோ முடித்த ஒரு பொண்ணு வந்தது. ஃபார்முலா பல மறந்து போயிருந்தது. ஆனால் நடுவில் எத்தனை வோல்ட் என்றதும், "அங்க எதைக் கனெக்ட் பண்ணப் போறீங்க சார்?" என்றது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். போகிறபோது தயங்கித் தயங்கி, போர்டில் நான் வரைந்த படத்தில் கிரவுண்டே (வோல்டேஜை எங்கிருந்து அளக்கிறோமோ அந்த ஜீரோ புள்ளி) இல்லை என்றும் சொன்னது.

எழுந்துபோய் வரைந்தேன்.