புக்லியாவில் கார் ஓட்ட இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது

"லைசென்ஸ் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, தெற்கு இத்தாலியின் புக்லியாவில் வாடகைக்குக் கார் எடுக்க அதுவே போதும்" என்று சிலர் சொல்வது தவறு. இத்தாலியச் சட்டப்படி அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ, சான்றளிக்கப்பட்ட இத்தாலிய மொழிபெயர்ப்போ வேண்டும். வாடகைக் கார் கவுண்டரில் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். வழியில் போலீஸ் நிறுத்தினால் அபராதம் உங்களுக்குத்தான். கிளம்பும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த அனுமதியை வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும்.

அப்புறம், லெச்சே, ஒஸ்தூனி போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் காரோடு நுழையாதீர்கள், அனுமதி இல்லாத வண்டிகளுக்கு அங்கே தடை உண்டு. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்புள்ள பலகை, பக்கத்தில் 'வார்கோ அத்தீவோ' (நுழைவுக் கட்டுப்பாடு அமலில் உள்ளது) என்று எழுத்து எரிந்தால் கேமரா வேலை செய்கிறது. அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். கார் நிறுவனமும் தனிக் கட்டணம் பிடிக்கும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.