அந்த ஒரு ‘போனாலும்’

அம்மாவின் படத்திறப்பு வீடியோவை நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள், ஆறுதலும் சொல்லிவிட்டீர்கள். நன்றி. ஆனால் அதில் பேசிய உறவுக்காரப் பெரியவரின் பேச்சு "உருக்கமா இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இருபது நிமிடம் பேசினார். அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்புக்கே ஐந்து நிமிடம் போயிற்று. கடைசியில், "வேலைக்குப் போனாலும் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காத உத்தமி" என்று முடித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

போனாலும். குடித்தாலும் நல்லவன் என்போம். கறுப்பாக இருந்தாலும் களையான முகம் என்போம். ‘ஆலும்’ போட்டுச் சொல்வதெல்லாம் நாம் குறை என்று நினைப்பதைத்தான். அப்படியென்றால் என் அம்மா 32 வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நீங்கள் பெரியமனது பண்ணி மன்னித்த குறையா?

அம்மா 1984-ல் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர் கண்மாய்க் கரையில் நடக்க வேண்டும். 1991-ல் எங்கள் மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். படிப்போடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். அம்மாவும் பழகினார், 33 வயதில். அப்பாதான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், விடிவதற்கு முன்னால், யாரும் பார்ப்பதற்குள். ஒரு மாதத்தில் அம்மா பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனார். முழங்காலில் விழுந்த தழும்பு கடைசிவரை இருந்தது. நேற்று மேடையில் அந்த சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் அத்தை ஒருவர் அம்மாவைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார், "டீச்சரம்மா கண்ணாடி இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாங்க" என்று. அம்மாவின் பையில் சிவப்புச் சட்டம் போட்ட ஒரு சின்னக் கைக்கண்ணாடி எப்போதும் இருக்கும், உண்மைதான். அது எதற்கு என்று அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ‘வாயப்பயம்’ என்று படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, முதலில் தன் வாயைத் திறந்து நாக்கு எப்படிப் பின்னால் மடிகிறது என்று காட்டுவார். அப்புறம் அந்தக் கண்ணாடியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்து, "இப்ப உன் நாக்கு எங்க இருக்கு, நீயே பாரு" என்பார். ‘ழ’ வரும்வரை கண்ணாடி இறங்காது. பல நாள் மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்திருப்பார். நானும் அந்தக் கண்ணாடியில் என் நாக்கைப் பார்த்தவள்தான். ஐந்தாவதுவரை அதே பள்ளியில்தான் படித்தேன், வகுப்பில் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். "கவர்மெண்ட் டீச்சருங்க தம் பிள்ளைய எங்க சேத்தாங்க?" என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

"வாத்தியார் வேலைதானே, பாதி வருஷம் லீவு" என்று ஒருவர் பின்னூட்டமே போட்டுவிட்டார். 2001-லும் 2011-லும் பிப்ரவரி வெயிலில் வீடு வீடாகப் போய் மக்கள்தொகைக் கணக்கெடுத்தது யார்? தேர்தலுக்கு முந்தின நாளே போய் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளியின் சிமெண்டுத் தரையில் படுத்தது யார்? 2007-ல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்காரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அப்போது 49. சுவரின் கீழ்ப்பக்கம் பிள்ளைகள் எழுதும் கரும்பலகை உயரத்துக்குக் குனிந்து குனிந்து பார்த்ததில்தான் முழங்கால் வலி அதிகமானது. அதையும் நேற்று "குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்ந்தார்" என்று குடும்பக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

"செத்தவங்களப் பத்தி நல்லதுதானே சொன்னாங்க, இதுக்குமா கோவம்?" என்று என் சொந்தத் தம்பியே கேட்கிறான். கோபம்தான். அம்மா எங்களை நன்றாக வளர்த்தார், யார் இல்லை என்றது? எனக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் நெற்றியில் கை வைத்தபடியே இருப்பார். அதைச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் பந்தலுக்கு வெளியே செருப்புப் போடும் இடத்தில் நின்றார்கள், நாற்பது ஐம்பது பேர் இருக்கும். அவர்களிடம் மைக் போகவே இல்லை. நான் அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

அப்பாவை வம்புக்கு இழுக்காதே என்பீர்கள். அப்பா நல்லவர். இன்னும் திண்ணையில் அம்மா உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். ஆனாலும் 2003-ஐ நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் என ஏறத்தாழ 1,70,000 பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். அம்மாவும் அதில் ஒருவர். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் உரிமை இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று ஆனது. அன்றிரவு அப்பா சொன்னார், "விட்டுடு. நீ வேலைக்குப் போயித்தான் இந்த வீடு நிக்கணுமா?" அன்பாகத்தான் சொன்னார். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "நான் வீட்டுக்காகப் போறேன்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அந்தக் கடிதத்தை எழுதினார். தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதினார். பிள்ளைகளுக்கு முத்துமுத்தாக எழுதிக் காட்டிய கை அன்றைக்குக் கையெழுத்துப் போட நடுங்கியதை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

எங்களுக்காகவா எழுதினார்? அப்பாவின் சம்பளத்தில் நாங்கள் சாப்பிட்டிருப்போம். அந்த வகுப்புக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றுதான் எழுதினார். இதைக் குடும்பத் தியாகம் என்று சொன்னால் அந்த நடுக்கத்தை அவரிடமிருந்து பிடுங்குகிறீர்கள்.

நான் வங்கி வேலைக்குப் போய்ப் பதினெட்டு வருஷம். என் மாமியார் வீட்டிலும் இதே ‘போனாலும்’ போட்டுத்தான் என்னைப் பாராட்டுகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கியிருக்கிறேன். இனிமேல் வாங்க மாட்டேன்.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் மரியாதை குறையவில்லை. முப்பதாம் நாளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கப் போவதாகத் தம்பி சொன்னான். ‘குலவிளக்கு’, ‘உத்தமி’ எதுவும் வேண்டாம். அம்மாவின் பெயர், அதற்குக் கீழே இடைநிலை ஆசிரியர், 1984–2016, அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கள் பெயர்களைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு மைக்கை முதலில் வெளியே நிற்பவர்களிடம் கொடுப்பேன். கண்ணாடியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.