கால் எங்கே என்றுதான் கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் பழைய நடனப் படம் ஒன்று முடிந்து நடந்த கலந்துரையாடலில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும். அந்த 40 விநாடி வீடியோவையும் பார்த்துவிட்டீர்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மேடையில் இருந்த நெறியாளர் சிரிக்கிறார், அப்புறம் அரங்கமே சிரிக்கிறது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் திரையில் என்ன ஓடியது என்பது அதில் இல்லை.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். "அந்தம்மாவுக்கு ஷூதான் பார்க்கணும்னா செருப்புக் கடைக்குப் போகட்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்த நான்கு பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நடனப் படம் போடுகிறீர்கள், கால் எங்கே?

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். நடனப் படங்கள் என்று நான்கு ஞாயிறுகளுக்கு ஒரு வரிசை. முதல் வாரம் நடனக் கலைஞர் உதய் சங்கரின் 'கல்பனா'. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்து 1948இல் வெளிவந்த படம், லலிதா பத்மினி சகோதரிகள் ஆடிய படம். பழைய பிரதியைச் சீர்செய்து 2012இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்களே, அதுதான். அன்று எல்லாமே சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் கருப்பு, நடுவில் படம், உச்சி முதல் பாதம் வரை மனிதர்கள். அன்றிரவே இந்தத் திரையரங்கை வாயாரப் பாராட்டி இதே பக்கத்தில் எழுதினேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். இவளுக்குக் குறை சொல்வதே வேலை என்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டாவது வாரம் ஜெர்மன் நடனக் கலைஞர் பினா பௌஷ் பற்றி விம் வெண்டர்ஸ் எடுத்த படம். அதுவும் குறையில்லை.

மூன்றாவது வாரம் 'ஸ்விங் டைம்'. 1936, ஹாலிவுட்டின் நடன ஜோடி ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நடனப் பள்ளிக் காட்சி வரும். அஸ்டேர் ஆடவே தெரியாதவன் போல நடிப்பார். கால் வழுக்கும், தடுமாறுவார், கீழே விழுவார். அப்புறம் அங்கே சொல்லிக் கொடுக்கும் ரோஜர்ஸின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் சட்டென்று ஆடிக் காட்டுவார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. திரையில் அரை மனிதன் ஆடி அசைந்துகொண்டிருந்தான். எதில் வழுக்கினான், எப்படி விழுந்தான், ஒன்றும் தெரியவில்லை. தட்டித் தாளம் எழுப்பும் டாப் (tap) ஷூ தரையில் தட்டும் சத்தம் மட்டும் துல்லியமாக வருகிறது. பார்த்தால் முழங்காலுக்குக் கீழே திரையே இல்லை.

ஏன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலப் படங்களின் சட்டம், அதாவது ஃபிரேம், கிட்டத்தட்டச் சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. இந்தத் தியேட்டரின் திரை 1.85. பழைய படத்தைப் புதிய திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கருப்பு விட வேண்டும். விடாமல் திரையை நிரப்ப வேண்டும் என்று பெரிதாக்கினால், படத்தின் உயரத்தில் நூற்றுக்கு 26 பங்கு வெளியே போய்விடும். கால் பங்குக்கும் மேல். முதலில் தலைகள் வெட்டுப்பட்டன. உடனே படத்தைக் கீழே இறக்கித் தலையைக் காப்பாற்றினார்கள். அப்படியானால் போனது முழுக்க எங்கிருந்து? கீழே இருந்து.

பத்து நிமிடத்தில் வெளியே போய் ஆபரேட்டர் தம்பியிடம் கேட்டேன். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். 'கல்பனா' பிரதி வரும்போதே கருப்பு சேர்ந்து வந்தது. இது டிஸ்க். "கருப்பு வந்தா ஸ்கிரீன் ரிப்பேரான்னு கேக்குறாங்கக்கா, ஃபுல்லா போடச் சொல்லியிருக்காங்க" என்றார். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் மேலே கேட்காமல் மாற்ற முடியாதாம். மேலே இருந்தவரோ "முகம்தான் நல்லாத் தெரியுதே மேடம்" என்றார்.

முகம் தெரிகிறதாம். நடனப் படத்தில்.

இது யாருடைய படம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தான் ஆடும்போது தலை முதல் கால் வரை முழு உடம்பும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், நடுவில் வெட்டி வெட்டி ஒட்டக் கூடாது என்று ஸ்டுடியோவிடம் பிடிவாதமாக நின்றவர் அஸ்டேர். கால் ஆடும்போது கேமரா முகத்துக்குப் போகக் கூடாது, பார்க்கிறவர்களின் முகத்துக்கும் போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. நடனத்தைப் படமாக்கும் விதத்தையே அந்தப் பிடிவாதம் மாற்றியது. அதே படத்தின் கடைசியில் இருவரும் பிரியப்போகும் நேரத்தில் ஒரு நடனம் வரும். பளபளக்கும் தரை, இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டு. அதை 47 டேக் எடுத்தார்கள். ஜிஞ்சர் ரோஜர்ஸின் காலில் இரத்தம் கசிந்து ஷூ நனைந்தது. அப்படியும் ஆடி முடித்தார்.

அந்தக் காலைத்தான் நீங்கள் வெட்டினீர்கள். அந்த ஷூவைத்தான். செருப்புக் கடைக்குப் போகச் சொன்னவருக்கும் இதுதான் என் பதில்.

சரி, படம் முடிந்து கலந்துரையாடல். அந்தப் படத்தில் முகத்தில் கருப்பு மை பூசிக்கொண்டு கறுப்பினத்தவர் வேடத்தில் அஸ்டேர் ஆடும் ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். பேச வேண்டியதுதான், நல்ல பேச்சு, நானும் கவனமாகக் கேட்டேன். அதே பகுதியில் அவர் தன்னுடைய மூன்று நிழல்களோடு போட்டி போட்டு ஆடுவார், அதைப் பற்றியும் ஒருவர் ரசித்துப் பேசினார். மூன்று நிழலுக்கும் அன்று கால் இல்லை! ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் மைக் என் கைக்கு வந்தபோது கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, வீடியோவிலேயே தெரியும். "நடனத்தை ரசிக்க வந்தீங்களா, அளவெடுக்க வந்தீங்களா மேடம்?" என்றார் நெறியாளர். எல்லாரும் சிரித்தார்கள். மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

ரசிக்கத்தான் வந்தேன் ஐயா. கால் இல்லாமல் எதை ரசிப்பது?

"இந்த மாதிரிப் படமெல்லாம் தியேட்டரில் போடுவதே பெரிய விஷயம், நீங்க இப்படிப் பேசினால் அடுத்த தடவை போடவே மாட்டார்கள்" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அக்கறையோடு எழுதியவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன். இந்த வரிசை வர வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. நான்கு வாரத்துக்கும் முதல் நாளே டிக்கெட் வாங்கினேன். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் இரண்டு பேர் பழைய படமே பார்க்காத பிள்ளைகள், அஸ்டேர் யாரென்றே தெரியாது. வீட்டுக்குப் போகும்போது அதில் ஒருத்தி, "ஆன்ட்டி, இவரு ஏன் இவ்வளவு ஃபேமஸ்?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பார்த்தது கையை வீசிக்கொண்டு நகர்ந்து போகும் ஒரு கோட்டு போட்ட மனிதரை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கிடைத்ததே பெரிது என்று வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு அஸ்டேர் கடைசிவரை அவ்வளவுதான். நல்லது நடக்கும்போது அதை நன்றாக நடத்துங்கள் என்று கேட்பது நன்றிகெட்டதனம் என்றால், சரி, அந்தப் பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

"பொது இடத்தில் கேட்டிருக்க வேண்டாம், தனியாகச் சொல்லியிருக்கலாம்." படம் ஓடும்போதே இரண்டு பேரிடம் தனியாகத்தான் சொன்னேன். மேலே எழுதியிருக்கிறேன்.

"கருப்புப் பட்டை கண்ணை உறுத்துகிறது." விளக்கு அணைந்து ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். 'கல்பனா'வில் யாருக்கு உறுத்தியது?

இன்னொரு தோழி எழுதியது மட்டும்தான் யோசிக்க வைத்தது. நடனம் என்றால் கால் மட்டுமா, அபிநயம் இல்லையா, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் முகத்தைப் பார்க்கத்தானே போவோம் என்று கேட்டிருந்தார். உண்மை. சத்யஜித் ரே 1976இல் பாலம்மாவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் கடற்கரையில் நின்று அவர் குழந்தைக் கண்ணனைக் கூப்பிடும் 'கிருஷ்ணா நீ பேகனே' பாட்டுக்கு அபிநயம் பிடிப்பார். காற்றில் முந்தானை பறக்கும், பின்னால் அலை. கையும் கண்ணும் கூப்பிடுகிற விதத்தில் குழந்தை வந்து நின்றுவிட்டது போலவே இருக்கும். அங்கே என் கண் காலுக்குப் போகாது. ஆனால் தோழி, எங்கே முகம், எங்கே கால் என்று முடிவு செய்ய வேண்டியது ஆடுகிறவரும் எடுக்கிறவரும்தான். தியேட்டர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தது?

அப்புறம் பாலம்மா மட்டும் என்ன, காலில் தாளம் நிற்காமலா முகத்தில் பாவம் வரும்?

எனக்கு நடனம் சொல்லிக் கொடுத்த டீச்சர் எங்கள் முகத்தை முதல் இரண்டு வருஷம் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். தரையில் உட்கார்ந்து தட்டுக்கழியில் தாளம் போடுவார். அவர் கண்ணின் மட்டத்துக்கு எங்கள் முழங்கால்தான் இருக்கும். பன்னிரண்டு பேர் ஒன்றாகக் காலால் தரையைத் தட்டும் தட்டடவு போடும்போது, தலையைத் தூக்காமலே "மூணாவது வரிசை, இடது குதிகால் லேட்டு" என்பார். அது பெரும்பாலும் நான்தான். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு என்று தொடை நடுங்கும்வரை விடமாட்டார். கால் பொய் சொல்லாது என்று எங்களுக்கு உடம்பில் எழுதிவிட்டவர் அவர்.

இதுவரை இங்கே எழுதாத ஒன்றை எழுதுகிறேன். என் அரங்கேற்றத்துக்கு அப்பா வீடியோ எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினேன். வர்ணத்தில் ஜதியை முடிக்கும் தீர்மானம் ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தது, எனக்கே தெரிந்தது. கடைசித் தில்லானா முடிந்து வரும்போது பாதம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. இடது குதிகால் அன்று ஒரு தடவைகூட லேட்டாகவில்லை. டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

பத்து நாள் கழித்து கேசட் வந்தது. வீடியோக்காரர் முழுக்க முழுக்க முகத்தையே எடுத்திருந்தார். பொட்டு, நெற்றிச்சுட்டி, கண் மை, வியர்வை. மிஞ்சிப் போனால் இடுப்பு வரை. ஜதிக்கு சலங்கைச் சத்தம் வருகிறது, திரையில் நான் குலுங்கிக்கொண்டிருக்கிறேன். "முகம் அழகா வந்திருக்கு பாரும்மா" என்று அம்மா சந்தோஷப்பட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் எத்தனையோ கச்சேரி ஆடப்போகிறோம், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டே வருஷத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதன் பிறகு மேடை இல்லை. நான் ஆடினேன் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த கேசட்தான், அதில் என் கால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைசி நடனம் ஓடும்போது, படிக்கட்டு பாதியில் வெட்டுப்பட்டு ஜிஞ்சர் ரோஜர்ஸ் சுழன்றுகொண்டிருந்தபோது, எனக்கு அந்த கேசட்தான் ஞாபகம் வந்தது. தொண்டை அடைத்தது. அந்தத் தொண்டையோடுதான் மைக்கை வாங்கினேன். அளவெடுக்க வந்தாளாம்.

சிரித்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நெறியாளர் என் செய்தியைப் பார்த்துவிட்டார், நீலக் குறி காட்டுகிறது. பதில் இல்லை. மன்னிப்பு எல்லாம் எனக்கு வேண்டாம்.

வரும் ஞாயிறு கடைசிப் படம், 'தி ரெட் ஷூஸ்'. 1948, அதுவும் 1.37தான். மொய்ரா ஷியரர் என்ற அசல் பாலே நடனக்காரர் ஆடிய படம். நடுவில் 15 நிமிடத்துக்கு மேல் போகும் ஒரு பாலே இருக்கிறது. போட்டால் கழற்ற முடியாத, ஆட்டத்தை நிறுத்த விடாத சிவப்புக் காலணி பற்றி டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய கதை. படத்தின் பெயரிலேயே காலணி இருக்கிறது. இதையும் திரை நிரம்பப் போடுவார்களா, அல்லது இரண்டு பக்கமும் கொஞ்சம் இருட்டு விடுவார்களா என்பதை இன்றைக்கே சொல்லட்டும்.

படம் ஆறு மணிக்கு. நான் ஐந்தரைக்கே வந்துவிடுவேன். கதவு திறக்கும் முன்னால் அந்தத் தம்பி ஒரு நிமிடம் போட்டுக் காட்டட்டும். பாதம் தெரிந்தால் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தெரியாவிட்டால் மறுபடியும் கேட்பேன்.