யார் யாரைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுவது?

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, முன்பின் தெரியாதவர் வாயிலிருந்து ‘கண்ணு’, ‘சாமி’, ‘தங்கம்’ என்று வருவது புதிதே இல்லை. உழவர் சந்தையில் கீரைக்காரம்மா, டவுன் பஸ்ஸில் கூடையோடு ஏறும் ஆயா, கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பூ விற்பவர் என்று இவர்கள் எல்லாருக்கும் நாம் கண்ணுதான். டிராஃபிக் போலீஸும் கண்ணு, பாங்க் மேனேஜரும் கண்ணு. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த தோழி ஒருத்தி, “இந்த ஊர்ல யார் வேணும்னாலும் என்னைக் கண்ணுங்கறாங்க, எனக்கு ஒரு மாதிரி கூசுது” என்று சொன்னதிலிருந்து இது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு உண்டு, மீதிக்கு இல்லை.

உடன்பாடு இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா தட்டுவடை செட் போடுகிறார். சாயங்காலம் ஆனால் நிற்க இடம் இருக்காது. ஒரு தட்டுவடை மேல் சட்னியைத் தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் “காரம் கம்மியா தங்கம்?” என்பார். முன்னால் நிற்பது ஆட்டோக்காரரா, ஸ்கூல் பையனா, யாரென்று பார்த்துச் சொல்வதில்லை. காலேஜ் பிள்ளைகள் திருப்பி “சீக்கிரம் குடு தங்கம், பஸ்ஸு போயிரும்” என்று சொன்னால் “இருடி, தர்றேன்” என்று சிரிப்பார். இந்தப் பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் சொல்வதை அவருக்கே திருப்பிச் சொல்லலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எனக்குத் தம்பி முறையாகும் ஒருத்தர், வீட்டுப் பக்கத்திலேயே காய்கறிக் கடை இருந்தாலும் சூரமங்கலம் உழவர் சந்தைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போவார். ஏன்ப்பா இவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, “அங்க ஒரு ஆயா என்னை ராசான்னு கூப்பிடும்க்கா, அம்மா போனதுக்கப்புறம் வேற யாரு இருக்கா அப்படிக் கூப்பிட” என்றார். இதைக் கேட்ட பிறகு, தெரியாதவர்கள் யாரும் யாரையும் கொஞ்சவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்த்தது வேறு. அம்மா அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார், ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை, தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவார். அவரிடம் வந்து, “பாட்டி செல்லம், ஆ காட்டுங்க, சமத்துப் பாப்பால்ல” என்று மாத்திரை கொடுத்தார்கள். வலிக்குக்கூட முகம் சுளிக்காதவர் இதற்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாத்திரை வேண்டாம் என்றார். “பேஷண்ட் ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க” என்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

இது எங்கள் அம்மாவின் பிடிவாதம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற செவிலியர் துறை ஆய்வாளர், கான்சாஸ் மாநில முதியோர் இல்லங்களில் மறதி நோய் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்வதை வீடியோ எடுத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். பெரியவர்களிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சிப் பேசியபோது அவர்கள் முரண்டு பிடிக்கும் வாய்ப்பு 55 சதவீதம், சாதாரணமாகப் பேசியபோது 26 சதவீதம். நினைவு தப்பியவர்களுக்கே தன்னைக் குழந்தையாக்குவது உறைக்கிறது என்றால், நினைவு முழுதாக இருக்கிற ஒரு டீச்சருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த நர்ஸ் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். தர்மபுரிப் பக்கத்துப் பெண், ராத்திரி ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். அன்பாகப் பேசணும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவள் பேசுகிறாள். ‘டீச்சர்’ என்று கூப்பிடச் சொன்னேன். “டீச்சர், மாத்திரை போட்டுக்கலாங்களா?” என்று வந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்து, அவள் எங்கே படித்தாள் என்று விசாரித்துவிட்டுத்தான் மாத்திரையை வாங்கினார்.

அப்புறம் வேலை பார்க்கும் இடங்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அங்கே சூப்பர்வைசர் வயசுப் பெண்களை மட்டும் “செல்லம், இன்னிக்கு ஒரு மணி நேரம் சேர்த்து நின்னுட்டுப் போடா” என்பாராம். முதலாளி வீட்டம்மாவை அவர் செல்லம் என்று கூப்பிடுவாரா? இந்தப் பெண்தான் “முடியாது செல்லம்” என்று திருப்பிச் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. கொஞ்சிச் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசுகிறவள்தான் முரடு ஆகிவிடுகிறாள், அதற்குத்தான் கொஞ்சலே.

சட்டத்துக்கும் இது தெரியாமல் இல்லை. அந்தமானில் குடிபோதையில் இருந்த ஒருவர் பெண் காவலர் ஒருவரை ‘டார்லிங்’ என்று கூப்பிட்ட வழக்கில், முன்பின் தெரியாத பெண்ணை ஓர் ஆண் தெருவில் அப்படிக் கூப்பிடுவது இந்திய தண்டனைச் சட்டம் 354ஏ பிரிவின்படி பாலியல் தொல்லைதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்புச் சொன்னது. கூப்பிட்டவர் குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி, தப்பு தப்புதான் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ‘சும்மா பாசமாத்தானே சொன்னேன்’ என்று இழுப்பவர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, நம் ஊரில் பேசத் தயங்குவது. வயசான கூலிக்காரர் ஒருவர் பண்ணைக்கார வீட்டுச் சின்னப் பையனைப் பார்த்து “வாங்க சாமி” என்பதை நான் சின்ன வயசில் எங்கள் பாட்டி ஊரில் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் அவரைப் பேர் சொல்லி “வா, போ” என்பான். அவர் கூப்பிட்டதில் பாசம் இல்லை. அப்படிக் கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம்தான் இருந்தது.

மே மாசம் ஏற்காட்டில் அந்த ஞாபகம் வந்தது. கோடை விழாக் கூட்டத்தில், ஏரிக்குப் பக்கத்தில் மிளகும் கொய்யாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா, காரிலிருந்து இறங்கிய இருபது வயசுப் பையனை “வாங்கிக்க சாமி, நம்ம மலை மிளகு” என்று கூப்பிட்டார். அவன் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “ஏய், எவ்வளவு குறைப்ப?” என்றான். அந்த அம்மா அதற்கும் “உனக்குப் பாத்துத் தர்றேன் சாமி” என்றார். எனக்கு அந்த இடத்தில் அப்படி ஒரு ஆத்திரம். உன்னைச் சாமி என்பவரை ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுவதற்கு என்ன குறைந்துபோய்விடும்?

தோழிக்கும் இதைத்தான் சொன்னேன். கீரைக்காரம்மா கண்ணு என்றால் நீயும் ‘சொல்லு ஆயா’ என்று உரிமையாகப் பேசு, பிடிக்கவில்லை என்றால் பேரைச் சொல்லிவிடு, மறுநாளிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர்களிடம் சொல்ல முடிகிறது. சூப்பர்வைசரிடமும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும்தான் சொல்ல முடிவதில்லை, சண்டை போட வேண்டிய இடம் அது.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அட்மிஷன் ஃபாரத்தில் வயசும் ரத்த வகையும் எழுதும் இடத்துக்குக் கீழே ‘எப்படிக் கூப்பிடலாம்’ என்று ஒரு வரி சேருங்கள். சிலர் பேர் சொல்வார்கள், சிலர் வாத்தியார் என்பார்கள், கண்ணுன்னே கூப்பிடு சாமி என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். கூட வந்தவரைக் கேட்காமல் படுத்திருப்பவரைக் கேட்டு அதை எழுதுங்கள்.