நகரும் கற்களை இயக்குவது காந்தம் அன்று

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில், ரேஸ்டிராக் பிளாயா என்னும் வறண்ட ஏரிப்படுகையில் கற்கள் நகர்வதற்கு நிலத்தடிக் காந்த விசையே காரணம் என்றும், அவை நகர்வதை எவரும் கண்டதேயில்லை என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. அங்குள்ள பாறைகளில் பெரும்பாலானவை டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் போன்ற பாறை. அதைக் காந்தம் இழுக்காது. ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் ஆகிய ஆய்வாளர்கள் ஜி.பி.எஸ். கருவி பொருத்திய கற்களை அங்கே வைத்துக் காத்திருந்து, 2013 டிசம்பரில் அவை நகர்வதை நேரிலேயே கண்டார்கள். ஆய்வு முடிவு 2014இல் வெளியானது.

குளிர்கால மழையில் படுகையில் சில சென்டிமீட்டர் நீர் தேங்கி, இரவில் அதன் மேற்பரப்பு 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனில், சன்னல் கண்ணாடி போல உறைகிறது. காலை வெயிலில் அது பெரும் தகடுகளாக உடையும்போது, வினாடிக்கு 3 முதல் 5 மீட்டர் வேகத்தில் வீசும் மிதமான காற்றே அத்தகடுகளை நகர்த்த, அவை முட்டித் தள்ளும் கற்கள் இளகிய சேற்றில் கோடிழுத்தபடி நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் நகர்கின்றன. புயற்காற்று தேவை என்ற பழைய ஊகமும் இதனால் அடிபட்டுப்போயிற்று என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு. கலங்கிய நீருக்கும் பனிக்கும் அடியில் உருவாகும் அந்தத் தடம், படுகை காய்ந்த பிறகே கண்ணுக்குத் தெரியும்.