டிரான்ஸ்ஃபர் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக் குறும்புப் பையன்களைப் பற்றிய படம் எதைச் சொன்னாலும் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "எங்க பிரதர் கொடுத்த அடியிலதான் நான் மனுஷனானேன்." பிரதர் என்றால் அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தும் துறவி. பின்னாலேயே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். "அந்தக் காலம் மாதிரி வருமா" என்பார் இன்னொருவர். கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. நீங்கள் சிரிக்கிற அந்தப் படத்தையாவது ஒழுங்காகப் பார்த்தீர்களா?

'ஹெவன் ஹெல்ப் அஸ்' என்று ஒரு படம், மைக்கேல் டின்னர் இயக்கி 1985-இல் வந்தது. கதை நடப்பது 1965-இல், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், செயின்ட் பேசில்ஸ் என்ற ஆண்கள் பள்ளியில். பாஸ்டனிலிருந்து புதிதாக வந்து சேர்கிறான் மைக்கேல் டன். வம்பை விலை கொடுத்து வாங்கும் ரூனி, எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் குண்டுப் பையன் சீசர், இப்படி ஒரு கூட்டம். பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து வைத்த நடன நிகழ்ச்சிக்கு முன்னால், காமம் எப்பேர்ப்பட்ட பாவம் என்று ஒரு பாதிரியார் உணர்ச்சிவசப்பட்டுப் பிரசங்கம் செய்கிறார். வாலஸ் ஷான் நடித்த அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அந்த வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ஆறாம் பவுல் நியூயார்க் வந்தார். போப் ஒருவர் அமெரிக்க மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அதையும் கதைக்குள் கொண்டுவந்து, பையன்களுக்கு ஊர்சுற்ற வாய்ப்பாக்கியிருப்பார்கள். அதுவும் அருமை.

இதில் எல்லாம் சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தப் பள்ளியில் பிரதர் கான்ஸ்டன்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். பையன்களை அடிப்பதில் அவருக்கு ஒரு ருசி உண்டு. கடைசியில் புனித பேசில் சிலையின் தலையைக் கழற்றிய விவகாரத்தில் இந்தப் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்துக் கான்ஸ்டன்ஸ் அவர்களை வெளுக்கிறார். சீசர் மேல் அடி விழும்போது படத்தில் சிரிப்பு மொத்தமாக நின்றுபோகிறது. இயக்குநர் வேண்டுமென்றே நிறுத்துகிறார். மைக்கேலுக்குப் பொறுக்கவில்லை, குறுக்கே பாய்கிறான். துரத்தல் மாணவர்கள் கூடியிருக்கும் அரங்கம் வரை போகிறது. அத்தனை பேர் முன்னாலும் அவன் கான்ஸ்டன்ஸை ஓங்கிக் குத்துகிறான். பள்ளிக்கூடமே ஆர்ப்பரிக்கிறது.

இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டும் "அடி நல்லதுப்பா" என்று ஒரு மனிதனால் எப்படிச் சொல்ல முடிகிறது?

எனக்கு ரத்தம் கொதிப்பது இதற்கு அடுத்த காட்சியில். டொனால்ட் சதர்லேண்ட் நடித்த தலைமை பிரதர் தாடியஸ் தீர்ப்புச் சொல்கிறார். பையன்களுக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன், கான்ஸ்டன்ஸுக்கு டிரான்ஸ்ஃபர். பையன்களுக்கு ஒரே குஷி. பார்ப்பவர்களும் அப்பாடா என்று எழுந்து போகிறார்கள். சரி, மாற்றல் வாங்கிக்கொண்டு அந்த ஆள் எங்கே போனார்? வனவாசமா போனார்? இன்னொரு ஊரில் இன்னொரு பள்ளி. அங்கேயும் நாற்பது பையன்கள் உட்கார்ந்திருக்கிற ஒரு வகுப்பு. அங்கே ஒரு சீசர் இருக்கமாட்டானா? அவனுக்குப் பக்கத்தில் ஒரு மைக்கேல் இருப்பான் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

சினிமாவைப் போய் இவ்வளவு பெரிதுபடுத்தலாமா என்று கேட்பவர்கள் அயர்லாந்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். துறவற சபைகள் நடத்திய பள்ளிகளிலும் விடுதிகளிலும் குழந்தைகளுக்கு நடந்ததை விசாரித்த ரையன் ஆணையம் 2009-இல் அறிக்கை கொடுத்தது. அடி என்பது அங்கே எப்போதோ ஒரு முறை நடந்த தவறு இல்லை, அன்றாட நடைமுறையாகவே இருந்தது என்று எழுதினார்கள். பாலியல் குற்றம் செய்தவர் என்று தெரிந்த பிறகும் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு அனுப்பிவைத்ததும், போன இடத்தில் அவர்கள் மறுபடியும் பிள்ளைகள் மேல் கைவைத்ததும் அதில் இருக்கிறது. பாஸ்டன் மறைமாவட்டத்தில் பாதிரியார்களை இப்படியே ஒரு தேவாலயப் பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டிருந்த கதை 2002-இல் வெளியே வந்தது. பெயரைக் காப்பாற்றுவதற்குப் பிள்ளைகளைப் பலிகொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன செய்தது என்று பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஃபுளோரிடாவில் ஜேம்ஸ் இங்கிரகாம் என்ற 14 வயதுப் பையனை 1970-இல் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துவைத்து மரப்பலகையால் 20 அடிக்கு மேல் அடித்தார்கள். ரத்தம் கட்டி, பல நாள் பள்ளிக்கே போக முடியாமல் கிடந்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொடூரமான தண்டனைக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பு பள்ளிக்கூட அடிக்குப் பொருந்தாது என்று 1977-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதாவது ஜெயில் கைதிக்கு இருக்கிற பாதுகாப்பு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இல்லை! நியூயார்க்கில் அரசுப் பள்ளிகளில் அடியைத் தடை செய்தது 1985-இல், இந்தப் படம் வந்த அதே வருஷம். செயின்ட் பேசில்ஸ் மாதிரியான தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்துச் சட்டம் வந்தது எப்போது தெரியுமா? 2023-இல்!

நம் ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? நான் படித்ததும் பாதிரியார்கள் நடத்திய பள்ளிதான். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க பிரதர்" என்று அப்பா அம்மாவே ஒப்படைத்துவிட்டுப் போன தலைமுறை நாங்கள். பிரதர் கையை நீட்டச் சொல்வார். பயத்தில் இழுத்துக்கொண்டால் இரண்டு சேர்த்து விழும். ஒரு நாள் பிரம்பு கைக்கு எட்டவில்லை என்று என் பக்கத்து பெஞ்சுப் பையனை அறைந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. அவன் அழவில்லை, சட்டைக் காலரால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா வந்து நியாயம் கேட்டார். அலுவலக அறைக்குள் பேசி அனுப்பினார்கள். வருஷக் கடைசியில் பிரதருக்கு மாற்றல். சும்மாவா அனுப்பினார்கள்? பிரிவு உபசார விழா, ரோஜா மாலை, போட்டோ. எங்களை வரிசையாக நிற்கவைத்து "போய் வாருங்கள்" என்று பாட்டுப் பாடச் சொன்னார்கள். அந்த வரிசையில் அவனும் நின்றான்.

அந்த போட்டோவை இப்போது பழைய மாணவர்கள் குழுவில் யாரோ தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கீழே "லெஜண்ட்", "கடவுள் மாதிரி" என்று வரிசையாகப் புகழ்மாலை. காதில் அறை வாங்கியவன் அந்தக் குழுவில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கவும் ஆளில்லை.

தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் உடலையோ மனதையோ வதைக்கக்கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை என்கிறது. அந்தச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் தீர்ப்பு வந்தது தனிக் கதை. எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, நம் ஆட்கள் வாயில் வருவது என்னவோ "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்". நான்கு பேர் கூடி வாசலில் நின்று கேட்டால் உடனே மாற்றல் உத்தரவு. கேட்டவர்களும் ஜெயித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அடி வாங்கியதால் ஆளானேன் என்கிறவர்களே, நீங்கள் படித்தீர்கள், உழைத்தீர்கள், அதனால் ஆளானீர்கள். அந்தப் பெருமையை எதற்கு ஒரு பிரம்புக்குத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்? அடி தாங்காமல் எட்டாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனவன் உங்கள் குழுவில் வந்து எழுதப்போவதில்லை. அடுத்த தடவை அந்த போட்டோவைப் போடுகிறவர், பிரதர் அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்குப் போனார், அங்கே எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.