கெமிஸ்ட்ரி கஷ்டம்தான், அழுதவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

மூன்று நாளாக அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்த பெண், மைக்கை நீட்டியதும் "கெமிஸ்ட்ரி ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லி அழுதாள். நடந்தது அவ்வளவுதான். அதற்குக் கீழே "ரீல்ஸ் பார்த்தால் இப்படித்தான்", "புக் பேக் படித்தாலே பாஸாகலாமே" என்று எத்தனை பேர்! என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள், வீட்டில் அதே வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள்கூடச் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள்.

நான் வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவள். அந்த உரிமையில் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி கஷ்டம். அவள் சொன்னது உண்மை.

ஏன் கஷ்டம் என்று பல வருஷம் முன்பே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் வேதியியல் கல்வியை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டோன் 1991-இல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். வேதியியலுக்கு மூன்று தளங்கள். கண்ணால் பார்ப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அணுவும் மூலக்கூறும் ஒன்று, தாளில் எழுதும் குறியீடும் சமன்பாடும் ஒன்று. பழகிய ஆசிரியர் மூன்றுக்கும் இடையே சர்வ சாதாரணமாகப் போய்வருவார். புதிதாகப் படிக்கிற பிள்ளை எங்காவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

லேபில் பெர்மாங்கனேட் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) செய்தவர்களுக்கு இது புரியும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து விழும் ஒவ்வொரு ஊதாத் துளியும் குடுவைக்குள் மறைந்துகொண்டே இருக்கும். ஒரு துளி விழுந்ததும் வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும், அங்கே மூடிவிட வேண்டும். கை இதைச் செய்யும்போதே, பெர்மாங்கனேட்டில் உள்ள மாங்கனீஸ் ஐந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு +7-இலிருந்து +2-க்கு இறங்குவதை மனம் கற்பனை செய்ய வேண்டும். அப்புறம் அந்த ஐந்து எலக்ட்ரான் கணக்கைத் தாளில் சமன் செய்ய வேண்டும். பதினேழு வயதில் இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது சும்மாவா? நான்கு பேருக்கு ஒரு பியூரெட், அதுவும் குழாய் ஒழுகுகிற பியூரெட் என்றால் நிறம் மாறுவதையே ஒழுங்காகப் பார்க்க முடியாது.

"மனப்பாடம் செய்தால் போதும், நாங்கள் அப்படித்தான் மார்க் வாங்கினோம்" என்பீர்கள். வாங்கியிருப்பீர்கள், மறுக்கவில்லை. என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணும் மனப்பாடம் செய்துதான் வந்தாள். ஆல்டால் குறுக்கம், கன்னிசரோ வினை என்ற இரண்டு பெயர் வினைகளையும் வரி பிசகாமல் ஒப்பித்தாள். பென்சால்டிஹைடுடன் அடர் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் என்ன வரும் என்று கேட்டேன். "ரெண்டுலயும் சோடியம் ஹைட்ராக்சைடு வருதே மிஸ், எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். நல்ல கேள்வி. அதை அவள் பள்ளியில் கேட்டிருக்கிறாள், "கேள்வி கேக்காத, எழுதிப் பாரு" என்று பதில் வந்திருக்கிறது. அசிட்டால்டிஹைடை வரையச் சொல்லி, கார்பனைல் தொகுதிக்கு, அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறதா பார் என்றேன். இருந்தது. பென்சால்டிஹைடை வரைந்தாள், பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இல்லை. அந்தப் பக்கத்துக் கார்பன் ஹைட்ரஜனுக்குத்தான் ஆல்ஃபா ஹைட்ரஜன் என்று பெயர். அது இருந்தால் ஆல்டால், இல்லாவிட்டால் கன்னிசரோ. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏன் மிஸ் யாரும் சொல்லலை?" என்று கேட்டாள்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கஷ்டம் என்று ஒப்புக்கொண்டால்தான் எந்த இடத்தில் கஷ்டம் என்று தேட முடியும். ஈசி என்று சொல்லிவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

"செல்போன் பார்க்காமல் படித்தால் வரும்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். செல்போன் தொந்தரவுதான், சரி. ஆனால் என் அக்கா படித்த காலத்தில் எங்கள் வீட்டில் செல்போனே கிடையாது. நர்சிங் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள். அவள் பள்ளியில் பாதி வருஷம் கெமிஸ்ட்ரிக்கு ஆசிரியரே இல்லை. விடியற்காலையில் எழுந்து, விளங்காத சமன்பாடுகளை வாய்விட்டுப் படிப்பாள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் தேறவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, அவள் எதிரிலேயே "பொண்ணுக்கு மண்டையில ஏறல போல" என்றார்கள். அதன்பிறகு அவள் தேர்வே எழுதவில்லை. இன்று அவள் மகன் கெமிஸ்ட்ரி சந்தேகம் கேட்டால் என் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள், தான் புத்தகத்தைத் தொட மாட்டாள். அந்த வீடியோவுக்குக் கீழே நீங்கள் எழுதியதும் அதே வார்த்தைதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகளைப் பற்றி ஊருக்கே தெரியும். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது, 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மோல் கணக்கு, வேதிச் சமநிலை, கரிம வினைகளின் அடிப்படை எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. அதை விட்ட பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் வரும் அயனிச் சமநிலைப் பாடத்தில் தடுமாறாமல் என்ன செய்யும்? போன வருஷம் நடத்தாததற்கு இந்த வருஷம் பிள்ளையைத் திட்டுகிறோம்.

வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால், பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கணக்கு வரவில்லை என்றால் மோல் பாடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கரிம வேதியியல் குழப்பினால், பெயர் வினைகளை மூடிவைத்துவிட்டு எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதுவும் முடியாதவர்கள், எங்கள் தெருப் பக்கம் இருந்தால் ஞாயிறு சாயங்காலம் பிள்ளையை என் வீட்டுக்கு அனுப்புங்கள். பணம் வேண்டாம்.